நீள முடிக் கினிப்பன்றியின் இடுப்பில் ஈரமான பொருக்கு: திங்கள்வரை என்ன செய்யலாம்?

வெருலம்வாசி · சனி இரவு 7.40

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகே வெருலத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் இரண்டு ஆண் கினிப்பன்றிகள். பட்டு பெருவியன் வகை. முடி தரையில் இழுபடும். கடலை குட்டை முடிக்காரன். இன்று மாலை பட்டுவுக்குச் சீவும்போது இடுப்புக்கு மேலே ஒரு சிக்கில் சீப்பு மாட்டியது. தொட்டதும் கத்திவிட்டான். முடியை விலக்கினால் அடியில் ஈரம், மஞ்சள் பொருக்கு, லேசான நாற்றம். ஐந்து ராண்ட் நாணயத்தின் அகலம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை, முடி பளபளவென்று அழகாகத்தான் இருக்கிறது.

நாளை தைப்பூசக் காவடி, வீடு நிறைய உறவினர். நாங்கள் போகும் மருத்துவமனையில் சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் திங்களன்றுதான் வருவாராம். அதுவரை என்ன செய்யலாம்? டெட்டால் இருக்கிறது, மகளின் முகப்பருக் களிம்பு இருக்கிறது, நாய்க்குக் கொடுத்த மாத்திரையில் மீதி இருக்கிறது. காவடிக்காக மஞ்சள் அரைத்து வைத்திருக்கிறோம், அதுவே போதும் என்கிறார் மாமியார்.

சாட்ஸ்வொர்த்_அக்கா · சனி இரவு 8.05

முதலில் அந்த நாய் மாத்திரையை எடுத்து உள்ளே வை, தங்கச்சி. அதன் பெயரை மட்டும் இங்கே எழுது.

பட்டு சாப்பிடுகிறானா? புழுக்கை வழக்கம்போல் விழுகிறதா? எடை என்ன, போன வாரம் என்ன? சொறிந்துகொள்கிறானா? கடலையோடு உரசல் உண்டா? புண் இந்த ஒரே இடத்தில்தானா?

கடைசிக் கேள்விக்குக் கண்ணால் பார்த்துப் பதில் எழுதாதே. நீள முடிக்காரனிடம் விரலால்தான் தேட வேண்டும். மடியில் துண்டு விரித்து அவனை உட்காரவை. ஒருவர் பிடிக்கட்டும், ஒருவர் தேடட்டும். பின்புறத்தில் தொடங்கித் தலையை நோக்கி, முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராக, வகிடு வகிடாகப் பிரித்துக்கொண்டே வா. ஒவ்வொரு வகிட்டிலும் தோல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வகிடு கணக்கில் இல்லை. கூடவே விரல் நுனியால் தோலை வருடு. கரகரப்பு, ஈரம், சூடு, வீக்கம், எது தட்டுப்பட்டாலும் அங்கே நின்று பார். தாடைக்கு அடியையும் அக்குளையும் பலர் விட்டுவிடுவார்கள். குதத்தைச் சுற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தால் அடியில் சிறுநீர் பட்டுத் தோல் வெந்திருக்கும். பாதத்தின் அடியையும் திருப்பிப் பார்.

இரண்டு இடங்களைப் பார்த்துப் பயந்துவிடாதே. காதுக்குப் பின்னால் உள்ள வழுக்கை எல்லாருக்கும் உண்டு. வால் முளைத்திருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகப் பிசுபிசுவென்று படிந்திருந்தால் அது எண்ணெய்ச் சுரப்பி. ஆண்களுக்கு நிறையச் சுரக்கும். அதைக் கிளறிக் கிளறியே புண்ணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

டோங்காட்_கரும்பு · சனி இரவு 8.30

எலிக்கு மருத்துவர் தேடும் காலம் வந்துவிட்டது! கரும்புத் தோட்டக் குடியிருப்பில் எங்கள் ஆயா ஆடு, மாடு, கோழி எல்லாவற்றையும் மஞ்சளும் வேப்பிலையும் வைத்தே காப்பாற்றினார். என் கொல்லையில் வேம்பு நிற்கிறது, வேண்டுமானால் வந்து பறித்துக்கொள்ளுங்கள். அரைத்துப் பூசிவிட்டு, காலையும் மாலையும் டெட்டால் தண்ணீரில் கழுவுங்கள். பொருக்கு தானே உதிரும்.

பைன்டவுன்_செவிலி · சனி இரவு 9.10

நான் கால்நடை மருத்துவமனையில் செவிலி. மருத்துவர் அல்ல, நோய் இன்னது என்று முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் இன்றிரவு செய்யக் கூடாதவற்றைச் சொல்ல முடியும்.

ஐயா கோபிக்க வேண்டாம். குவாசுலு நட்டாலில் கொல்லையில் வேம்பு என்று நிற்கும் மரங்களில் பலவும் வேம்பு அல்ல, சிரிங்கா. தமிழ்நாட்டில் மலைவேம்பு என்பார்களே, அந்த இனம். வசந்தத்தில் ஊதா நிறமாகப் பூக்கும், குளிரில் இலை உதிர்ந்த பிறகும் மஞ்சள் காய் குலையாகத் தொங்கும். நம் நாட்டில் அது பரவிக் கெடுக்கும் அயல் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. நச்சு மரம், காயில்தான் நஞ்சு மிகுதி. கினிப்பன்றி தன் உடம்பில் பூசிய எதையும் நக்கிவிடும். ஒரு கிலோகூட இல்லாத உடம்புக்கு எவ்வளவு நஞ்சு தாங்கும் என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டாம்.

டெட்டாலும் வேண்டாம். தோலை எரிக்கும், நக்கினால் வாயும் குடலும் கெடும். தேயிலை மர எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு, முகப்பருக் களிம்பு எதுவும் வேண்டாம். மஞ்சள் நஞ்சல்ல, ஆனால் முடியோடு சேர்ந்து அடையாகக் காய்ந்துவிடும். புண் சிவப்பா, வெளிறலா, பச்சையா என்று மருத்துவர் பார்க்க வேண்டிய நிறத்தையும் மறைத்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது. புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு முடியை எடுத்துவிடுங்கள். கத்தரிக்கோலால் மட்டும் வேண்டாம். சிக்கை மேலே இழுக்கும்போது அதனோடு மெல்லிய தோலும் கூடாரமாக எழும்பும். எது முடி, எது தோல் என்று தெரியாமல் வெட்டிவிடுவீர்கள். அப்படித் தோலைத் துண்டித்துக்கொண்டு தையலுக்கு வருபவர்களை நாங்கள் பார்ப்பதுண்டு. தோலுக்கும் சிக்குக்கும் நடுவே மெல்லிய பல் சீப்பை நுழைத்து, சீப்புக்கு மேலே டிரிம்மரை ஓட்டுங்கள்.

பிறகு உப்புத் தண்ணீர். கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு சிறு தேக்கரண்டி உப்பு, தலை தட்டி. கணக்குப் பார்ப்பவர்களுக்கு: லிட்டருக்கு 9 கிராம். இளஞ்சூட்டில் பஞ்சுத் துணியை நனைத்துப் பொருக்கின்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். ஊறித் தானாக வருவதை மட்டும் துடையுங்கள், பிய்க்காதீர்கள். அதற்கு மேல் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் போவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர்த்து ஒற்றலாம். முழுக் குளியல் கூடாது. அவ்வளவு முடி நனைந்தால் அடியில் நெடுநேரம் ஈரம் நிற்கும்.

மரத்தூளை அள்ளிவிட்டு வெள்ளைத் துண்டு விரியுங்கள். என்ன வடிகிறது என்பதும் தெரியும், ஈயும் குறையும். இந்த மாதத்துப் புழுக்கத்தில் எனக்குப் பெரிய பயமே ஈதான். ஈரமும் நாற்றமும் உள்ள முடியில் பச்சை ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் முடியைப் பிரித்துப் பாருங்கள். அரிசி நொய் அளவில் வெள்ளையாகக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. புழுவே தெரிந்தால் திங்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். புழு தோலுக்கு அடியில் குடைந்து போகும். மேலே தெரிவதை எடுத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

வெருலம்வாசி · சனி இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. மின்வெட்டு நேரத்தில் மின்கல டிரிம்மரை வைத்துக் கணவர் முடியை எடுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். பொருக்கு ஊறிப் பாதி வந்தது. அதன் அடியில் அருகருகே இரண்டு சிறு துளைகள். சுற்றிலும் வீங்கிச் சூடாக இருக்கிறது. ஒரு துளையிலிருந்து தயிர்ப் பதத்தில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்க்கிறது.

எடை இன்று 940 கிராம், போன வாரம் 985. சாப்பிடுகிறான், ஆனால் மிளகாயை விட்டுவிட்டு மல்லித்தழையை மட்டும். (குடைமிளகாயைத்தான் சொல்கிறேன்!) சொறிவதில்லை. வேறு இடத்தில் புண் இல்லை. கடலை சில வாரங்களாக உறுமிக்கொண்டு இவன்மேல் ஏறிக்கொண்டேதான் இருக்கிறான். விளையாட்டு என்று நினைத்தோம். நாய் மாத்திரையின் பெயர் அமாக்சிசிலின், கிளாவுலானிக் அமிலம் என்று இருக்கிறது.

ஜோபர்க்_மாணவன் · சனி இரவு 10.20

அக்கா, அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் புண்ணைவிட அதுவே பட்டுவை முடித்திருக்கும். கினிப்பன்றியின் பெருங்குடல்வாய் ஒரு நொதிப்பானை. நார்ச்சத்தைச் செரிக்க உதவும் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. வாய்வழியாகப் பெனிசிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் கொடுத்தால் நல்லவை செத்து, கிளாஸ்ட்ரிடியம் பெருகி நச்சைக் கக்கும். வயிற்றுப்போக்கு வந்து சில நாட்களில் இறந்துவிடும். நாய்க்கும் மனிதக் குழந்தைக்கும் நல்ல மருந்து, இவனுக்கு எமன். மேலே தடவும் ஆன்டிபயாட்டிக் களிம்பும் நக்கப்பட்டால் குடலுக்குத்தான் போகும்.

மருத்துவர்கள் வழக்கமாக என்ரோஃப்ளாக்சசின், அல்லது டிரைமெத்தோப்ரிம் சல்ஃபா கொடுப்பார்கள். இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் 1947ஆம் ஆண்டின் 36ஆம் சட்டப்படி கால்நடை மருந்துகள் பல, மருத்துவர் சீட்டு இல்லாமலே விவசாயக் கூட்டுறவுக் கடைகளில் கிடைக்கின்றன. மாட்டுக்கான புட்டியைப் பார்த்ததும் கை நீளும். நீள வேண்டாம்.

பைன்டவுன்_செவிலி · சனி இரவு 10.40

அருகருகே இரண்டு துளை, இடுப்புக்கு மேலே, உறுமும் தோழன். கடிபோலத்தான் தெரிகிறது. வெட்டுப்பல் குத்திய துளை மேலே சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே போன கிருமி சீழ்க்கட்டி கட்டும். நாய், பூனைச் சீழைப்போல் இவற்றின் சீழ் நீர்த்து ஓடாது, கெட்டியாக உறைந்து நிற்கும். அதனால் பிதுக்காதீர்கள். பிதுக்கினால் வெளியே வருவதைவிட உள்ளே பரவுவதே அதிகம்.

இரண்டு பேரையும் இன்றிரவே பிரியுங்கள். ஆனால் கண்காணாத அறைக்குக் கொண்டுபோக வேண்டாம். நடுவில் கம்பி வலை போதும். ஒருவன் குரல் ஒருவனுக்குக் கேட்க வேண்டும், இல்லையென்றால் சாப்பாடு குறையும். 45 கிராம் இறக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் நிறுத்துங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, அரை நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலோ ஞாயிறாக இருந்தாலும் கிளம்புங்கள். இவற்றுக்குப் புண்ணைவிடக் குடல் நின்றுபோவதுதான் விரைவாக உயிரை எடுக்கும். வலி இருந்தால் தின்னாது. ஆனால் வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

மாரிட்ஸ்பர்க்_பெருவியன் · ஞாயிறு காலை 6.15

இந்த இழையைப் படித்து எனக்குத்தான் வலிக்கிறது. பெருவியனின் முடி மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான் வளரும். இடுப்பில் அள்ளிவிட்டால் கண்காட்சியில் ஓர் ஆண்டு போய்விடும். நாங்கள் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, காகிதத்தில் மடித்துச் சுருட்டிக் கட்டி வைப்போம். அப்படி வளர்த்தால் சிக்கும் இல்லை, புண்ணும் இல்லை. துளையைச் சுற்றி விரல் நுனி அளவு எடுத்தால் போதாதா?

சாட்ஸ்வொர்த்_அக்கா · ஞாயிறு காலை 7.00

போதாது. ஓரத்து முடி புண்ணுக்குள் விழுந்து ஒட்டும், சீழ் வழிந்து அடுத்த முடியில் காயும், இரண்டு நாளில் புதுச் சிக்கு. உங்கள் வீட்டில் தினமும் சுருட்டிக் கட்டக் கை இருக்கிறது. பட்டு மேடை ஏறப் போவதில்லை, வெருலத்தில் ஒரு பள்ளிப் பிள்ளையின் மடியில் ஏறப் போகிறான். என்னைக் கேட்டால் புண் ஆறிய பிறகும் பாவாடை முடியைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு வெட்டியே வைக்கச் சொல்வேன். டர்பன் கோடையில் அவ்வளவு கம்பளியைச் சுமப்பதே தண்டனை. வெப்பம் முப்பதைத் தொட்டாலே இவை தவித்துப்போகும்.

டோங்காட்_கரும்பு · ஞாயிறு காலை 7.20

கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். பச்சைக் காய் குலை குலையாக நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்துச் சிரிங்கா என்கிறான். மரத்தை விட்டுக்கொடுத்தேன், மஞ்சளை விட மாட்டேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவதைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தவர்கள் நாங்கள்.

எலி எப்படி இருக்கிறது?

ஃபீனிக்ஸ்_தம்பி · ஞாயிறு பகல் 1.10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பெண் கினிப்பன்றி ஷெல்டி வகை. இவளுக்கும் பொருக்கு, ஆனால் துளை இல்லை. தோளிலும் முதுகிலும் தவிடுபோல் உதிர்கிறது, ஓயாமல் சொறிகிறாள். நேற்றுத் தொட்டதும் உடம்பே முறுக்கிக்கொண்டு வலிப்பு வந்ததுபோல் ஆனது. கடியா?

பைன்டவுன்_செவிலி · ஞாயிறு பகல் 1.35

தம்பி, உங்களுக்குத்தான் அவசரம் அதிகம். தோலைக் குடையும் சிற்றுண்ணி ஒன்று உண்டு, டிரிக்சகாரஸ் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. அரிப்பு தாங்காமல் வலிப்புவரை கொண்டுபோகும். அந்த வலிப்பைப் பார்த்து மூளை நோய் என்று நினைப்பவர்கள் உண்டு. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, எடைக்குத் தகுந்தபடி ஐவர்மெக்டின் அல்லது செலமெக்டின் கொடுப்பார்கள். முட்டைக்குள் இருப்பவை தப்பிவிடும் என்பதால் மறுபடியும் கொடுக்க வேண்டும். கூட்டுறவுக் கடை ஐவர்மெக்டின் மாட்டின் எடைக்கானது. ஒரு துளி பிசகினாலும் இவளுக்கு மிகை. நாய்க்கான ஃபிப்ரோனில் தெளிப்பும் வேண்டாம்.

முகத்திலிருந்து தொடங்கி, மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் வட்டமாக முடி உதிர்ந்து செதில் தட்டினால் அது வேறு, படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி கொட்டி, தோல் சுத்தமாக இருந்தால் பெண்களுக்குச் சூலகக் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே எந்தக் களிம்பும் பயன்படாது.

ஜோபர்க்_மாணவன் · ஞாயிறு பகல் 2.00

இரண்டு பேருக்கும் ஒன்று சேர்க்கிறேன். கினிப்பன்றியும் நம்மைப் போலவே வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்காது. அது இல்லாமல் கொலாஜன் சரியாக உருவாகாது, கொலாஜன் இல்லாமல் புண் மூடாது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை, புண் உள்ள நாட்களில் மேல் அளவை ஒட்டியே கொடுங்கள். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து வீண், வெளிச்சம் பட்டுச் சிதைந்துவிடும். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நட்டாலில் கொய்யாவுக்கா பஞ்சம்? சர்க்கரை உண்டு, ஆகவே கட்டைவிரல் அளவுத் துண்டு போதும். சிவப்புக் குடைமிளகாய் அதைவிடப் பாதுகாப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக டெஃப் என்ற உலர் புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும்.

வெருலம்வாசி · செவ்வாய் இரவு 8.15

நேற்றுப் போய் வந்தோம். கடிதான், சீழ்க்கட்டிதான். மயக்கம் கொடுத்துத் திறந்து, கெட்டிச் சீழை வழித்தெடுத்து, உப்பு நீரால் கழுவினார்கள். தைக்கவில்லை. வாய் மூடிக்கொண்டால் மறுபடியும் கட்டும், அடியிலிருந்து மேலே ஆறி வர வேண்டும் என்றார் மருத்துவர். அதனால் தினமும் இரண்டு முறை ஊசியில்லாக் குழலால் உள்ளே பீய்ச்சிக் கழுவுகிறோம். என்ரோஃப்ளாக்சசின், வலிக்கு மெலாக்சிகாம், இரண்டும் திரவம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, 0.05 விழுக்காட்டுக்கு நீர்த்தது ஒரு புட்டி. மேலே ஈ அண்டாமல் இருக்க எஃப்10 களிம்பைத் துளிபோலத் தடவச் சொன்னார். நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் வேலை. எடை 930-இல் நிற்கிறது. பொடித்த தீவனத்தைக் குழைத்துக் குழலால் ஊட்டுகிறேன், பாதியை என்மேல் துப்புகிறான்.

ஐயா, மாமியார் மஞ்சளைச் சுவாமிக்கு வைத்துவிட்டார். பட்டுவின் முடியை மருத்துவர் இடுப்பு முழுக்க வழித்துவிட்டார். மாரிட்ஸ்பர்க் அண்ணன் படத்தைப் பார்க்க வேண்டாம்.

ஃபீனிக்ஸ்_தம்பி · செவ்வாய் இரவு 8.40

இவளுக்குச் சிற்றுண்ணியேதான். முதல் ஊசி போட்டாயிற்று, அரிப்புக் குறைகிறது. கூண்டையும் மர வீட்டையும் என்ன செய்வது?

பைன்டவுன்_செவிலி · செவ்வாய் இரவு 9.00

துணிகளை வெந்நீரில் துவையுங்கள், மர வீட்டைத் தூக்கிப் போடுங்கள். அவளோடு பழகிய மற்ற கினிப்பன்றிகளுக்கும் மருந்து வேண்டும், சொறியாவிட்டாலும்.

வெருலம் அக்கா, கடலையின் தோலையும் வகிடு எடுத்துப் பார்த்தீர்களா? கடித்தவனும் கடி வாங்கியிருப்பான். இருவரையும் சேர்ப்பது புண் முழுதும் மூடிய பிறகு, இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத தரையில், உணவுக் கிண்ணமும் தண்ணீரும் ஒளிவிடமும் இரண்டிரண்டாக வைத்து. ஒளிவிடத்துக்கு இரண்டு வாசல் வேண்டும். பல் நறநறவென்று கேட்டால் நடுவில் துண்டைப் போடுங்கள், கையைப் போடாதீர்கள். சில ஆண்கள் கடைசிவரை வலைக்கு இப்பாலும் அப்பாலும்தான் வாழ்வார்கள்.

மாரிட்ஸ்பர்க்_பெருவியன் · செவ்வாய் இரவு 9.25

படத்தைப் பார்த்துவிட்டேன். வழித்த விதம் சுத்தமாகத்தான் இருக்கிறது. எந்த எண் பிளேடு என்று கேட்டீர்களா?

வெருலம்வாசி · செவ்வாய் இரவு 9.30

40 என்றார். கடலைக்குக் கழுத்தில் ஒரு கீறல், காய்ந்துவிட்டது. நானும் அதே பிளேடு வாங்கட்டுமா?

மாரிட்ஸ்பர்க்_பெருவியன் · செவ்வாய் இரவு 9.45

வேண்டாம். 40 அறுவைக்கு முன் ஒட்ட வழிப்பது, பழகாத கையில் தோலைக் கிழிக்கும். வீட்டுக்கு 10 போதும், ஒன்றரை மில்லிமீட்டர் விட்டுவைக்கும். பத்து நிமிடம் ஓடினால் பிளேடு சூடேறித் தோலைச் சுடும். அவ்வப்போது புறங்கையில் வைத்துப் பாருங்கள், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.